நோக்கியா இருக்கிறதா, போய்விட்டதா? ஐரோப்பிய மொபைல் தொழில் ஒரு விளக்கம்

2025 அக்டோபர் கடைசியில் ஒரு செய்தி வந்தது. ஏஐ சிப்புகளுக்குப் பெயர்போன என்விடியா, நோக்கியாவில் 100 கோடி டாலர் முதலீடு செய்கிறது என்று. "நோக்கியாதான் எப்போதோ படுத்துவிட்டதே, அப்புறம் எதற்கு இந்தப் பணம்?" என்று பலருக்கும் தோன்றியிருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் கடைக்குப் போனால் நோக்கியா என்று பேர் போட்ட பட்டன் போன் இருக்கிறது. பெட்டியைத் திருப்பினால் சின்ன எழுத்தில் எச்எம்டி குளோபல் என்று வேறொரு பெயர். ஜியோ, ஏர்டெல் 5ஜி செய்திகளில் கருவி கொடுப்பவர்கள் பட்டியலைப் பார்த்தால் மறுபடி நோக்கியா, பக்கத்திலேயே சுவீடனின் எரிக்சன். எரிக்சன் என்றாலோ, சோனியோடு சேர்ந்து வாக்மேன் போன் விற்ற கம்பெனி என்றுதான் நம்மில் பலருக்கு ஞாபகம்.

"மொபைல் தொழில்" என்று ஒரே பேரில் நாம் சொல்வதற்குள் தனித்தனியாக நான்கு தொழில்கள் இருக்கின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஐரோப்பா இவற்றில் ஒன்றில் மண்ணைக் கவ்வியது, இன்னொன்றில் இன்றும் முன்வரிசையில் நிற்கிறது.

நான்கு தொழில்கள்

1. கைபேசி தயாரிப்பு. கடையில் நாம் வாங்கும் பொருள். பழைய நோக்கியா, சீமென்ஸ், சோனி எரிக்சன் எல்லாம் இந்த வகை.

2. வலையமைப்புக் கருவி தயாரிப்பு. டவர் உச்சியில் இருக்கும் ஆன்டெனா, அதன் அடியில் இருக்கும் பேஸ் ஸ்டேஷன், பல டவர்களை இணைத்து அழைப்பை வழிநடத்தும் 'கோர்' எனப்படும் மையக் கணினிகள். இவற்றை நாம் வாங்குவதில்லை; ஆபரேட்டர்கள் வாங்குகிறார்கள்.

3. சேவை விற்பது. வோடபோன், ஆரஞ்சு, டாய்ச்ச டெலிகாம், டெலிபோனிகா போன்ற ஆபரேட்டர்கள். அரசிடம் அலைக்கற்றையை ஏலத்தில் எடுத்து, கருவிகளை வாங்கி நிறுவி, நமக்கு சிம் கார்டு விற்பவர்கள்.

4. அறிவுச் சொத்து. காப்புரிமையும் வடிவமைப்பும். எதையும் தயாரிக்காமலேயே ஒவ்வொரு போனுக்கும் இவ்வளவு என்று பணம் வாங்கும் தொழில். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்த ஆர்ம் நிறுவனம் இதற்கு நல்ல உதாரணம். உங்கள் பையில் இருப்பது ஐபோனோ ஆண்ட்ராய்டோ, அதன் பிராசசர் ஆர்ம் வகுத்த அடிப்படையில்தான் ஓடுகிறது.

என்விடியா பணம் போட்ட நோக்கியா இரண்டாவது, நான்காவது தொழில்களில் இருக்கும் கம்பெனி. கடையில் இருக்கும் நோக்கியா போன் முதல் தொழிலைச் சேர்ந்தது. அதைச் செய்யும் எச்எம்டி, 2016-இல் அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமையைக் கட்டணம் கொடுத்து வாங்கிய இன்னொரு பின்லாந்து நிறுவனம். சரி, இந்தப் பிரிவினை எப்படி வந்தது?

எல்லைக்கு எல்லை செத்துப்போன போன்கள்

1980-களின் ஐரோப்பாவில் கார் போன் வைத்திருந்த ஒருவர் நாட்டு எல்லையைத் தாண்டினால் போன் வெறும் பெட்டி. இங்கிலாந்தில் டாக்ஸ், ஜெர்மனியில் சி-நெட்ஸ், பிரான்சில் ரேடியோகாம் 2000 என்று ஆளுக்கொரு அனலாக் முறை. ஒன்று மற்றொன்றோடு பேசாது. ஒவ்வொரு நாட்டுச் சந்தையும் சின்னது, அதனால் கருவிகளின் விலையும் அதிகம்.

விதிவிலக்கு வடக்கே இருந்தது. சுவீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து நான்கும் சேர்ந்து 1981-இல் என்எம்டி என்ற பொது முறையைத் தொடங்கின. ஒரே போனோடு நான்கு நாட்டிலும் பேசலாம். நோக்கியாவும் எரிக்சனும் பிறகு முன்னால் ஓடியதற்கு இந்தப் பத்தாண்டுப் பயிற்சி பெரிய காரணம்.

அதையே கண்டம் முழுக்கச் செய்யும் முயற்சி 1982-இல், ஐரோப்பிய அஞ்சல் தொலைத்தொடர்பு நிர்வாகங்களின் கூட்டமைப்பு அமைத்த ஒரு குழுவில் ஆரம்பித்தது. அதற்கு பிரெஞ்சில் வைத்த பெயரின் சுருக்கம்தான் ஜிஎஸ்எம். 1987 செப்டம்பரில் கோபன்ஹேகனில் 13 நாடுகளின் ஆபரேட்டர்கள் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போட்டார்கள்: இந்த ஒரே முறையில்தான் வலையமைப்பைக் கட்டுவோம், 1991-க்குள் தொடங்குவோம் என்று. என் கணக்கில் ஐரோப்பாவின் மொத்த வெற்றியும் இந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. கருவி தயாரிப்பவருக்கு, "நீ செய், வாங்க 13 நாடு காத்திருக்கிறது" என்ற உத்தரவாதம் கிடைத்தது.

1991 ஜூலை 1 அன்று பின்லாந்தின் ரேடியோலிஞ்சா வலையமைப்பில் முதல் ஜிஎஸ்எம் அழைப்பு போனது. பேசியவர் முன்னாள் பிரதமர் ஹர்ரி ஹோல்கெரி. மறுமுனையில் தாம்பரே நகரத் துணை மேயர் காரினா சுவோனியோ. கருவிகளைக் கொடுத்தவை நோக்கியாவும் சீமென்ஸும். அடுத்த ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி இங்கிலாந்தில் வோடபோன் வலையமைப்பில் முதல் எஸ்எம்எஸ் போனது.

ஜிஎஸ்எம் உள்ளே என்ன இருந்தது

தொழில்நுட்பத்தை இங்கே கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்பது பின்னால் உதவும்.

ஜிஎஸ்எம்மில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையை எட்டுப் பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நேரத்தைத் துண்டு போட்டு ஆளுக்கொரு முறை. ஒரு துண்டின் நீளம் 577 மைக்ரோ நொடி. உங்கள் போன் தன் முறை வரும்போது படக்கென்று அனுப்பிவிட்டு, மற்ற ஏழு பேர் முடிக்கும் வரை சும்மா இருக்கும். இது நொடிக்கு ஏறக்குறைய 217 தடவை நடக்கும். பழைய நாட்களில் போனை ரேடியோவின் அருகிலோ கம்ப்யூட்டர் ஸ்பீக்கரின் அருகிலோ வைத்தால், மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்பே 'டிட்டிடிட் டிட்டிடிட்' என்று இரையுமே, அது இந்த 217 தட்டல்களை ஸ்பீக்கர் கம்பி பிடித்துக்கொண்ட சத்தம்தான்.

எஸ்எம்எஸ்-க்கு 160 எழுத்து என்ற அளவும் இப்படி வந்ததே. கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கென்று இருந்த பாதையில் 140 பைட் இடம் இருந்தது. லத்தீன் எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 கொள்ளும். தமிழ் எழுத்துகளுக்கு 16 பிட் வேண்டும். ஆகவே 70-தான். அந்த 70-லும் புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனி இடம் போய்விடும். 'வணக்கம்' என்று எழுதினாலே ஏழு காலி. தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் காசு இரண்டு மடங்கு போனதற்கு, ஐரோப்பாவின் பொறியாளர்கள் தங்கள் எழுத்துகளை மனதில் வைத்துப் போட்ட இந்தக் கணக்கே காரணம்.

இதைவிடப் பெரிய புதுமை சிம் கார்டு. அதற்கு முன் பெரும்பாலும் எண் போனோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஜிஎஸ்எம் எண்ணையும் போனையும் பிரித்தது. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் எண் கூடவே வரும். இதனால் போன் விற்பவருக்கு ஆபரேட்டரின் தயவு இல்லாமல் நேராகக் கடையில் விற்க வழி கிடைத்தது. அமெரிக்காவில் அரசு எந்த முறையையும் கட்டாயமாக்கவில்லை. ஜிஎஸ்எம், சிடிஎம்ஏ, டிடிஎம்ஏ என்று ஆபரேட்டருக்கு ஒன்றாகப் பிரிந்து கிடந்தது சந்தை. மோட்டோரோலா அனலாக் போன்களில் நல்ல லாபம் பார்த்துக்கொண்டிருந்ததால் டிஜிட்டலுக்குத் திரும்பத் தாமதித்தது. 1998-இல் நோக்கியா அதை முந்தி உலகின் முதல் கைபேசி நிறுவனமானது.

கைபேசிக் கம்பெனிகளின் கூட்டம்

இன்று நினைத்துப் பார்த்தால் நம்பச் சிரமமாக இருக்கும்: 1990-களின் இறுதியில் ஐரோப்பாவில் கைபேசி தயாரித்தவர்கள் நோக்கியா, எரிக்சன், சீமென்ஸ், அல்காடெல், பிலிப்ஸ், சாஜெம், போஷ், பெனிஃபோன்... டிவி, தையல் மெஷின் மாதிரி, எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர் எவரும் செய்யலாம் என்ற நிலை. விரைவிலேயே வடிகட்டல் தொடங்கியது.

ஒரு சின்னத் தீ விபத்து இதில் பெரிய பங்கு வகித்தது. 2000 மார்ச் 17 அன்று இரவு அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ஆல்புகெர்க்கி நகரிலிருந்த பிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னல் தாக்கியதன் தொடர்ச்சியாகத் தீ பிடித்தது. நிமிடங்களில் அணைந்துவிட்டது. ஆனால் சிப் செய்யும் அறையில் ஒரு தூசு விழுந்தாலே பிரச்சினை; புகை புகுந்தால் கேட்கவே வேண்டாம். நோக்கியாவும் எரிக்சனும் அந்த ஆலையின் சிப்புகளை நம்பியிருந்தன. ஒரு வாரம் தாமதமாகும் என்றுதான் பிலிப்ஸ் முதலில் இருவரிடமும் சொன்னது.

நோக்கியா அந்தச் சிப்புகளைத் தனிக் கண்காணிப்புப் பட்டியலில் போட்டது. ஒரு வாரம் போதாது என்று தெரிந்ததும் மேலிடமே இறங்கி பிலிப்ஸின் மற்ற ஆலைகளில் இடம் பிடித்தது, சில சிப்புகளை மாற்றி வடிவமைத்து வேறு இடங்களில் வாங்கியது. எரிக்சனில் செய்தி கீழ்மட்டத்திலேயே பல நாள் கிடந்தது. செலவைக் குறைக்கிறோம் என்று அவர்கள் முக்கியமான சிப்புகளுக்கு மாற்று ஆலையே வைத்துக்கொள்ளாமல் இருந்தார்கள். விளைவு, சுமார் 40 கோடி டாலர் விற்பனை இழப்பு. அடுத்த ஆண்டே எரிக்சன் கைபேசியைத் தனியாகச் செய்வதை விட்டு, சோனியோடு பாதிக்குப் பாதி கூட்டு வைத்தது. தீ மட்டும்தான் காரணம் என்று சொல்வது மிகை. அவர்களுடைய போன்கள் அழகிலும் பின்தங்கியிருந்தன. 2012-இல் சோனி அந்தப் பாதியை 105 கோடி யூரோ கொடுத்து வாங்கிக்கொள்ள, எரிக்சனின் கைபேசிக் கதை முடிந்தது.

மற்றவர்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போஷ் 2000-இல் தன் பிரிவை சீமென்ஸிடம் கொடுத்தது. அல்காடெல் 2004-இல் சீனாவின் டிசிஎல்லோடு கூட்டு வைத்து, மறு வருடமே முழுவதையும் விட்டுக்கொடுத்தது. பிலிப்ஸும் ஒரு சீன நிறுவனத்துக்கு விற்றது. சீமென்ஸ் நிலைமைதான் பரிதாபம்: 2005-இல் தைவானின் பென்க்யூவுக்குப் பிரிவைக் கொடுத்தபோது விலை வாங்கவில்லை, எதிரே 25 கோடி யூரோ சேர்த்துக் கொடுத்தது. பெண்ணைக் கொடுத்துச் சீரும் கொடுத்த கதை. ஒரே வருடத்தில், 2006 செப்டம்பரில், ஜெர்மன் கிளை திவால் மனு போட்டது. காம்ப்-லின்ட்ஃபோர்ட் ஆலை மூடப்பட்டது, ஏறக்குறைய 3,000 பேர் வேலை போனது.

எஞ்சியது நோக்கியா மட்டும். 2003-இல் வந்த 1100 மாடல் 25 கோடிக்கு மேல் விற்றது. தலையில் டார்ச், தூசு புகாத விசைப்பலகை என்று நம் ஊர் போன்ற சந்தைகளை மனதில் வைத்தே செய்த போன் அது. 2007-08-இல் உலகில் விற்ற பத்துக் கைபேசிகளில் நான்கு நோக்கியா.

போட்டி ரேடியோவிலிருந்து மென்பொருளுக்கு மாறியபோது

நோக்கியா தொடுதிரையைக் கவனிக்காமல் விட்டதால் வீழ்ந்தது என்பது அடிக்கடி கேட்கும் விளக்கம். அது சரியில்லை. ஐபோனுக்கு மூன்று ஆண்டு முன்பே, 2004-இல், 7710 என்ற தொடுதிரை போனை நோக்கியா அறிவித்துவிட்டது. இன்டர்நெட்டைப் பெரிய திரையில் பார்க்கும் 770 டேப்லெட் 2005-இல் வந்துவிட்டது. ஸ்மார்ட்போன் இயங்குதளத்திலும் அதுதான் முன்னோடி: 2007 வாக்கில் உலக ஸ்மார்ட்போன்களில் பாதிக்கும் மேல் சிம்பியன் ஓடியது.

பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. அதை மூன்று அடுக்காகப் பார்க்கலாம்.

1. சிம்பியனின் வேர். லண்டனின் சையான் நிறுவனம் கையடக்கக் கணினிக்காக எழுதிய மென்பொருளிலிருந்து வளர்ந்தது அது. நினைவகம் தங்கம்போல விலை உயர்ந்திருந்த காலத்துக்காக, ஒவ்வொரு பைட்டையும் சிக்கனம் பிடிக்கும்படி எழுதப்பட்டது. ஒரு வரி எழுத்தைச் சேமிக்கவே 'டிஸ்க்ரிப்டர்' என்று தனி முறையைப் படிக்க வேண்டும். நினைவகம் மலிவான பிறகு அந்தச் சிக்கனம் சுமையாக மாறியது. செயலி எழுத வந்தவர்கள் ஓடிப்போனார்கள்.

2. மாடல்களின் எண்ணிக்கை. நோக்கியா வருடத்துக்குப் பல பத்து மாடல்கள் விட்டது. திரை அளவும் விசைகளும் மாறி மாறி இருக்கும். ஒரு செயலி எல்லாவற்றிலும் ஓடும் என்று சொல்ல முடியாது. கைபேசி என்பது ரேடியோ வைத்த பொருள் என்று பார்த்த கம்பெனிக்கு இது பலம். விதவிதமான பொருள், விதவிதமான விலை. செயலிகள் ஓடும் கணினி என்று பார்த்தால் இது நோய்.

3. ஆப் ஸ்டோர். ஆப்பிள் அதை 2008 ஜூலையில் திறந்தது. முதல் ஆண்ட்ராய்டு போன் அதே ஆண்டு அக்டோபரில் வந்தது. செயலி அதிகமுள்ள தளத்துக்கு ஆள் வருவார்கள். ஆள் அதிகமுள்ள தளத்துக்குச் செயலி வரும். இந்தச் சுழலில் மூன்றாவது ஆளுக்கு இடமே இருக்கவில்லை.

கவனித்தீர்களா, ஜிஎஸ்எம் கொடுத்த உத்தரவாதமும் இதே மாதிரி ஒரு சுழல்தான். ஒரே முறை, பெரிய சந்தை, மலிவான கருவி, இன்னும் பெரிய சந்தை. அதே விளையாட்டு மென்பொருளில் நடந்தபோது விதிகளை எழுதும் மேசை கலிபோர்னியாவுக்குப் போயிருந்தது.

2010-இல் மைக்ரோசாஃப்டிலிருந்து வந்து தலைமையேற்ற ஸ்டீபன் எலாப், 2011 பிப்ரவரியில் "எரியும் எண்ணெய் மேடையில் நிற்கிறோம்" என்ற பொருளில் ஊழியர்களுக்கு எழுதிய கடிதம் வெளியே கசிந்தது. சில நாளில் விண்டோஸ் போனுக்கு மாறுவதாக அறிவிப்பு. விற்றுக்கொண்டிருக்கும் சரக்கை முதலாளியே குப்பை என்று சொன்னால் யார் வாங்குவார்கள்? சிம்பியன் விற்பனை சரிந்தது, விண்டோஸ் அந்தப் பள்ளத்தை நிரப்பவில்லை. 2013 செப்டம்பரில் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட்டுக்கு 544 கோடி யூரோவுக்கு விற்பதாக அறிவித்தார்கள். 2015-இல் மைக்ரோசாஃப்ட் 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதித் தள்ளியது.

எலாப் உளவாளி என்ற கதை இன்னும் சுற்றுகிறது. அவர் வந்தபோதே வீடு பற்றியெரிந்துகொண்டுதான் இருந்தது; அதை ஊர் கேட்கக் கத்தியது அவர் தவறு.

விற்காமல் வைத்துக்கொண்டது

அந்த 544 கோடியில் 165 கோடி யூரோ காப்புரிமைகளைப் பத்து ஆண்டு பயன்படுத்துவதற்கான கட்டணம். காப்புரிமைகளை நோக்கியா விற்கவில்லை, வாடகைக்குத்தான் விட்டது. இன்னொன்றும் அதே 2013-இல் நடந்தது: வலையமைப்புக் கருவி செய்யும் 'நோக்கியா சீமென்ஸ்' என்ற கூட்டு நிறுவனத்தில் சீமென்ஸுக்கு இருந்த பாதிப் பங்கை 170 கோடி யூரோ கொடுத்து நோக்கியா வாங்கியது. ஒரு கையால் போனை விற்று, மறு கையால் டவரை வாங்கியது.

காப்புரிமைத் தொழில் நடப்பது இப்படி. 2ஜி முதல் 5ஜி வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பொது விதி இருக்கிறது. அந்த விதியைப் பின்பற்றாமல் போன் செய்யவே முடியாது. பின்பற்றினால் அதற்குள் இருக்கும் கண்டுபிடிப்புகளைத் தொட்டே ஆக வேண்டும். அவற்றின் சொந்தக்காரர்கள், விதியில் சேர்க்கும்போதே ஓர் உறுதி கொடுக்கிறார்கள்: நியாயமான கட்டணத்தில், பாரபட்சம் இல்லாமல், கேட்பவருக்கெல்லாம் உரிமம் தருவோம் என்று. எது நியாயம் என்பதில்தான் சண்டை. 2009-இல் ஆப்பிள் மீது நோக்கியா வழக்குப் போட்டது. 2011-இல் ஆப்பிள் பணம் கட்டச் சம்மதித்தது. 2022-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நீதிமன்றத்தில் நோக்கியாவிடம் தோற்ற ஓப்போ, அந்த நாட்டில் விற்பனையையே நிறுத்திவிட்டது. 2024 தொடக்கத்தில் சமரசம் ஆனது. ஒரு போன்கூடச் செய்யாத நோக்கியாவுக்கு இந்த வகையில் ஆண்டுக்கு 100 கோடி யூரோவுக்கு மேல் வருகிறது. எரிக்சனுக்கும் அப்படியே.

டவர் மேலே யார்?

கருவித் தொழிலில் விசித்திரமான ஒரு நிலை. சீனாவுக்கு ஹுவாவேயும் இசட்டிஇயும் இருக்கின்றன, தென்கொரியாவுக்கு சாம்சங். மொபைலைக் கண்டுபிடித்த அமெரிக்காவுக்கோ பெரிய டவர் கருவி நிறுவனம் ஒன்றுகூட இல்லை. அங்கே கருவி செய்துவந்த லூசென்ட் 2006-இல் பிரான்சின் அல்காடெலோடு இணைந்தது. கனடாவின் நார்டெல் 2009-இல் திவாலாகி, அதன் மொபைல் சொத்துகளில் முக்கியமானவை எரிக்சனிடம் போயின. மோட்டோரோலாவின் கருவிப் பிரிவை நோக்கியா சீமென்ஸ் வாங்கியது. பிறகு 1,560 கோடி யூரோ பேரத்தில் அல்காடெல்-லூசென்டையே நோக்கியா விழுங்கியது. அதோடு டிரான்சிஸ்டர் பிறந்த பெல் ஆய்வகமும் பின்லாந்துக்காரர்கள் கைக்கு வந்தது.

ஆகவே பாதுகாப்புக் கவலையால் ஹுவாவே வேண்டாம் என்று முடிவெடுக்கும் எந்த நாட்டுக்கும் பெரும்பாலும் எரிக்சன், நோக்கியா என்ற இரண்டு கதவுகள்தான், அப்புறம் சாம்சங். 2020-இல் பிரிட்டன், 2027-க்குள் ஹுவாவே கருவிகளை 5ஜி வலையமைப்பிலிருந்து அகற்ற உத்தரவிட்டது. அதே ஆண்டு சுவீடனும் தடை போட்டது. லாபம் எரிக்சனுக்குத்தானே என்று தோன்றும். ஆனால் பதிலுக்குச் சீனச் சந்தையில் எரிக்சனின் ஆர்டர்கள் சுருங்கின. தங்கள் அரசு போட்ட தடையை எரிக்சன் தலைமையே வெளிப்படையாக எதிர்த்தது அதனால்தான்.

இருவருக்குள்ளும் போட்டி கடுமை. 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி, ஐந்தாண்டில் 1,400 கோடி டாலர் வரை போகக்கூடிய ஒப்பந்தத்தை எரிக்சனுக்குக் கொடுத்தது. வெளியே தள்ளப்பட்டது நோக்கியா. டவர் கருவிகளை ஆபரேட்டர்கள் பத்தாண்டுக்கு ஒருமுறைதான் மொத்தமாக மாற்றுவார்கள். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் போனால் அடுத்த தலைமுறை வரை காத்திருக்க வேண்டும்.

என்விடியாவின் 100 கோடி டாலர் இங்கேதான் வந்து சேர்கிறது. பேஸ் ஸ்டேஷன் உள்ளே ரேடியோ சமிக்ஞையைக் கணக்கிடும் வேலைக்கு இதுவரை பெரும்பாலும் தனியாக வடிவமைத்த சிப்புகள்தான் பயன்பட்டன. அந்த வேலையைத் தன் ஏஐ சிப்புகளில் ஓட்டலாம், அழைப்பு குறைவான நேரத்தில் அதே சிப் ஏஐ வேலையும் செய்யும் என்பது என்விடியாவின் வாதம். மின்சாரச் செலவும் சிப் விலையும் கட்டுப்படியாகுமா என்பதை டவர் டவராகப் பார்த்துத்தான் ஆபரேட்டர்கள் முடிவெடுப்பார்கள். நோக்கியாவுக்கு இது 6ஜி வருவதற்குள் எரிக்சனைத் தாண்ட ஒரு குறுக்குவழி.

ஆபரேட்டர்கள் ஏன் இளைத்தார்கள்

2000-இல் பிரிட்டன் 3ஜி அலைக்கற்றையை ஏலம் விட்டு 2,250 கோடி பவுண்ட் சம்பாதித்தது. சில மாதத்தில் ஜெர்மனி ஏறக்குறைய 5,000 கோடி யூரோ மதிப்புக்கு ஏலம் விட்டது. 3ஜி போனே சந்தைக்கு வராத காலம்! பிரிட்டிஷ் டெலிகாம் கடன் தாங்காமல் மொபைல் பிரிவையே தனியாகக் கழற்றிவிட்டது. இன்றைய ஓ2 அதுதான். ஸ்பெயினின் டெலிபோனிகாவும் பின்லாந்தின் சொனேராவும் ஜெர்மனியில் சேர்ந்து எடுத்த உரிமத்துக்குச் சுமார் 840 கோடி யூரோ கட்டி, 2002-இல் கடையை மூடிவிட்டு வெளியேறின.

அப்போது ஆரம்பித்த மூச்சுத்திணறல் முழுதாக நிற்கவில்லை. அலைக்கற்றையை ஐரோப்பிய ஒன்றியம் விற்பதில்லை. ஒவ்வொரு நாடும் தனித்தனியே விற்கிறது. ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு ஆபரேட்டர்கள். கண்டம் முழுக்க டஜன்கணக்கில். அமெரிக்காவிலோ சீனாவிலோ கைவிரல்களில் எண்ணிவிடலாம். பிரான்சில் 2012-இல் ஃப்ரீ மொபைல் நான்காவது ஆளாக நுழைந்து மாதம் 2 யூரோவுக்கே சிம் கொடுத்தபோது, மற்ற மூவரும் விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஜியோ வந்தபோது நாம் பார்த்த காட்சியின் முன்னோட்டம். 2017 ஜூன் 15 முதல் ஒன்றியத்துக்குள் ரோமிங் கட்டணமும் ஒழிந்தது.

இதனால் வாடிக்கையாளருக்குக் கொண்டாட்டம், ஆபரேட்டருக்கோ டவரில் முதலீடு செய்யப் பணமில்லை. நான்கு பேரை மூன்றாக்க விடுங்கள் என்று அவர்கள் பல ஆண்டாகக் கேட்கிறார்கள். 2016-இல் பிரிட்டனில் த்ரீ என்ற ஆபரேட்டர், ஓ2-வை வாங்க முயன்றபோது ஐரோப்பிய ஆணையம் தடுத்தது. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டன், 2024 டிசம்பரில் அதே த்ரீ வோடபோனோடு இணைய அனுமதித்தது. நிபந்தனை, வலையமைப்பில் 1,100 கோடி பவுண்ட் முதலீடு. வோடபோனை நம் ஊரில் ஹட்ச் நாய்க்குட்டிக்குப் பின்னால் வந்த கம்பெனியாகத் தெரியும். இப்போது ஸ்பெயினையும் இத்தாலியையும் விற்றுவிட்டுச் சுருங்கி நிற்கிறது.

த்ரீ-வோடபோன் இணைப்பால் விலை ஏறுமா, டவர் பெருகுமா என்பதை பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஆணையம் உன்னிப்பாகப் பார்க்கும். ஒன்றியத்துக்குள்ளும் இதே அனுமதியைக் கேட்டு ஆபரேட்டர்கள் வாசலில் நிற்கிறார்கள்.

போன் செய்யாத கண்டம் போனுக்கு விதி போடுகிறது

கைபேசித் தயாரிப்பில் ஐரோப்பாவில் இன்று இருப்பவை சின்னப் பெயர்கள்தான். ஸ்க்ரூடிரைவரால் கழற்றி நாமே பாகம் மாற்றிக்கொள்ளும் போன் செய்யும் ஆம்ஸ்டர்டாமின் ஃபேர்போன், லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட நத்திங், எச்எம்டி. ஆனால் வாங்கும் கூட்டம் பெரிது என்பதால் விதி போடும் பலம் குறையவில்லை. 2024 டிசம்பர் 28 முதல் ஒன்றியத்தில் விற்கும் ஒவ்வொரு புதுப் போனுக்கும் யுஎஸ்பி-சி கட்டாயம். ஆப்பிள் அதற்கு ஓராண்டு முன்பே, ஐபோன் 15-இல், பணிந்துவிட்டது. 2025 ஜூன் 20 முதல் இன்னொரு விதி: பேட்டரி 800 முறை சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு தாங்க வேண்டும், உதிரிபாகம் ஏழு ஆண்டு கிடைக்க வேண்டும். ஒரே மாடலை ஐரோப்பாவுக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று செய்வது செலவு என்பதால், இவற்றில் பல நம் கைக்கும் வந்து சேரும்.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை, உச்சத்தில் 8,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை கொடுத்தது. 2014-இல் பிரிவு கைமாறியபோது வரி வழக்கில் சொத்துகள் முடங்கியிருந்ததால், அந்த ஆலையை மைக்ரோசாஃப்டிடம் ஒப்படைக்க முடியவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. சில வருடம் பூட்டிக் கிடந்த வளாகத்தைப் பிறகு எடுத்துக்கொண்டது சால்காம்ப். பின்லாந்தின் சாலோவில் வேர்விட்டு, இப்போது சீன முதலாளியிடம் இருக்கும் நிறுவனம் அது. செய்வது சார்ஜர்.